காலி பாட்டில் எப்படித் திரும்பி வரும்?



சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பில் சிலர் சேர்ந்து ஒரு சவால் எடுத்தோம். முப்பது நாள், ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கூட வாங்கக் கூடாது. அவ்வளவுதான். ஆரம்பித்தவர்கள் பதினெட்டுப் பேர், கடைசி வரை நின்றவர்கள் நான்கு பேர்! விலகியவர்கள் சொன்ன காரணங்களைக் கேளுங்கள். ஒருவனுக்கு பஸ் ஸ்டாண்டில் குழாய் இருந்தது, தண்ணீர் வரவில்லை. ஒருத்திக்கு இரவு ரயிலில் கொண்டுபோன தண்ணீர் தீர்ந்துவிட்டது. இன்னொருவன் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், இலைக்குப் பக்கத்தில் ஏற்கனவே ஒரு குட்டி பாட்டில் வைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் முடிவில் சொன்னது ஒரே வாக்கியம்: "எனக்கு மன உறுதி பத்தலைடா."

அந்த வாக்கியம் உண்மையா என்பதுதான் என் கேள்வி. மனிதர்களின் பழக்கம் மாறாமல் போவதற்குக் காரணம் மன உறுதி இல்லாததுதானா? இதற்கு விடை தேட வரலாற்றில் ஒரு நல்ல பொருள் இருக்கிறது. அதுதான் காலி பாட்டில். சிரிக்காதீர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் :-)

பாட்டில் திரும்பி வந்த காலம்

நம் அப்பா அம்மா காலத்தில் சோடாவோ கலரோ குடிக்க வேண்டுமென்றால் பெட்டிக்கடை வாசலில் நின்று குடிக்க வேண்டும். குடித்து முடித்ததும் பாட்டிலை அங்கேயே வைத்துவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் பாட்டிலுக்குத் தனியாக முன்பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் காலி பாட்டிலைக் கொடுத்துவிட்டுத்தான் நிறைந்த பாட்டிலை வாங்க முடியும். காளிமார்க் ஆகட்டும், கோல்ட் ஸ்பாட் ஆகட்டும், பாட்டில் நமக்குச் சொந்தமில்லை, உள்ளே இருப்பது மட்டும்தான் நமக்கு. மரப்பெட்டியில் அடுக்கி வண்டியில் வந்து, அதே பெட்டியில் காலியாகத் திரும்பிப் போகும்.

கோலி சோடா பாட்டிலும் அப்படித்தான். 1872ல் இங்கிலாந்துக்காரர் ஹைரம் காட் என்பவர் காப்புரிமை பெற்ற வடிவம் அது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, உள்ளே இருக்கும் வாயு அதைத் தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். செய்வதற்குக் கஷ்டமான பாட்டில் என்பதால் அதைத் தூக்கிப் போடுவதைப் பற்றி எந்த சோடா கம்பெனிக்காரரும் யோசித்திருக்க மாட்டார். பெரும்பாலும் பாட்டிலின் மேலேயே கம்பெனி பெயரைப் பொறித்திருப்பார்கள். எதற்கு? அது யாருடையது, யாரிடம் திரும்பிப் போக வேண்டும் என்று தெரிவதற்குத்தான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அன்றைக்கு யாரும் இதை "சுற்றுச்சூழல் பாதுகாப்பு" என்று சொல்லவில்லை. யாரும் உறுதிமொழி எடுக்கவில்லை. மிக சாதாரணமான, ஏன், சுயநலமான மனிதர்கள்கூடப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்தால் காசு, கொடுக்காவிட்டால் நஷ்டம், கொடுப்பதற்கான இடமோ வாங்கிய அதே கடை. இந்த மூன்றும் சேர்ந்துதான் பழக்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்தன.

அமெரிக்காவிலும் நீண்ட காலம் இதே கதைதான். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் அங்கே விற்ற குளிர்பானம் ஏறத்தாழ முழுவதும் திரும்ப நிரப்பும் கண்ணாடி பாட்டில்களில்தான் வந்தது. பாட்டிலுக்கு சில சென்ட் முன்பணம். சிறுவர்கள் தெருவில் காலி பாட்டில் பொறுக்கிக் கடையில் கொடுத்து மிட்டாய் வாங்குவார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று? அமெரிக்கர்கள் திடீரென்று ஒரு நாள் காலையில் சோம்பேறிகளாக எழுந்தார்களா?

அடைக்கப்பட்ட வழி

1935 ஜனவரியில் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரத்தில் முதன்முதலாக தகர டின்னில் அடைத்த பீர் விற்பனைக்கு வந்தது. போர்க்காலத்தில் கடல் கடந்து போன சிப்பாய்களுக்கு டின் பீர் போயிற்று. சண்டைக்களத்திலிருந்து காலி பாட்டிலை யார் திருப்பி அனுப்புவது? போர் முடிந்து திரும்பியபோது டின்னைத் தூக்கிப் போடும் பழக்கமும் கூடவே வந்தது.

ஆனால் பழக்கத்தைவிடப் பெரிய காரணம் கணக்கு. பாட்டில் திரும்பி வர வேண்டுமென்றால் ஆலை பக்கத்தில் இருக்க வேண்டும். ஐந்நூறு மைல் தள்ளி விற்றால் காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டுவரும் லாரிச் செலவு லாபத்தைத் தின்றுவிடும். அதனால் ஊருக்கு ஊர் சின்னச் சின்ன ஆலைகள் இருந்தன. தூக்கிப் போடும் டின்னும் பாட்டிலும் வந்ததும் இந்தக் கட்டு அவிழ்ந்தது. ஒரே பெரிய ஆலையில் செய்து நாடு முழுக்க அனுப்பலாம். சூப்பர் மார்க்கெட்காரர்களுக்கும் காலி பாட்டில்களை எண்ணி, அடுக்கி, இடம் கொடுத்து வைக்கும் தொல்லை போயிற்று. குப்பையை அள்ளும் செலவு? அது நகராட்சி தலையில், அதாவது வரி கட்டும் மக்கள் தலையில் விழுந்தது. பிறகு 1973ல் நத்தானியேல் வையத் என்ற பொறியாளர் பெட் பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். மிச்சக் கதை உங்களுக்கே தெரியும்.

ஆக, மக்கள் மனம் மாறியதால் பாட்டில் திரும்பாமல் போகவில்லை. பாட்டில் திரும்பிப் போகும் பாதையை எடுத்துவிட்டார்கள். பழக்கம் அதற்குப் பிறகுதான் செத்தது.

சாலையோரங்கள் நிரம்ப ஆரம்பித்ததும் எதிர்ப்பும் கிளம்பியது. வெர்மான்ட் என்ற சின்ன மாநிலம். பால் மாடு வளர்க்கும் விவசாயிகள் அதிகம். வண்டியில் போகிறவர்கள் எறியும் பாட்டில்கள் வயலில் விழுந்து உடைந்து, வைக்கோலோடு கலந்து மாடுகளுக்கு ஆபத்தாகிறது என்று அவர்கள் புகார் செய்தார்கள். 1953ல் அந்த மாநிலம் திரும்ப நிரப்ப முடியாத பாட்டில்களில் பீர் விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. நான்கே ஆண்டுகள். 1957ல் சட்டம் காலாவதியானது, புதுப்பிக்கப்படவில்லை.

கண்ணீர் விளம்பரம்

அதே 1953ல் இன்னொன்றும் நடந்தது. "அமெரிக்காவை அழகாக வைத்திருப்போம்" என்ற பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் டின் தயாரிக்கும் அமெரிக்கன் கேன் கம்பெனியும் பாட்டில் தயாரிக்கும் ஓவன்ஸ்-இல்லினாய் கம்பெனியும் உண்டு. தெருவில் குப்பை போடாதீர்கள் என்று மக்களுக்குச் சொல்வதுதான் அமைப்பின் வேலை.

1971ல் அவர்கள் வெளியிட்ட ஒரு தொலைக்காட்சி விளம்பரம் மிகவும் பிரபலம். செவ்விந்தியர் ஒருவர் படகில் வருகிறார், ஆறு அசுத்தமாக இருக்கிறது, கரையேறி நிற்கிறார், காரில் போகும் ஒருவன் எறியும் குப்பை அவர் காலடியில் விழுகிறது, அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர். மாசை உண்டாக்குவது மனிதர்கள், நிறுத்தக் கூடியவர்களும் மனிதர்களே என்பது அதன் செய்தி. பார்த்தவர்கள் உருகிப் போனார்கள். (நடித்த அயர்ன் ஐஸ் கோடி உண்மையில் இத்தாலிய வம்சாவளிக்காரர் என்பது பிறகு வெளியே வந்தது. 2023ல் அந்த விளம்பரத்தின் உரிமை அமெரிக்கப் பழங்குடிகளின் தேசிய அமைப்பு ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. அதை இனி ஒளிபரப்பாமல் ஓய்வு கொடுப்பதாக அவர்கள் அறிவித்தார்கள்.)

அந்த விளம்பரம் சொன்னது பொய்யா? இல்லை. காரிலிருந்து குப்பையை எறிவது தப்புதான். ஆனால் பாட்டில் ஆலையில் பிறந்து, லாரியில் ஏறி, கடைக்கு வந்து, கடைசியாக ஒருவன் கைக்கு வருகிறது. அந்தக் கடைசிக் கையை மட்டும் கேமரா காட்டியது. பாட்டிலுக்கு முன்பணம் கேட்கும் சட்டங்கள் மாநிலங்களில் வரத் தொடங்கியபோது, அந்த அமைப்பின் தலைமை அவற்றை எதிர்த்தது. இதனால் 1970களின் நடுவில் சில சுற்றுச்சூழல் அமைப்புகள் அதன் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகின.

இதே பாணி பிறகும் வந்தது. 2000களின் நடுவில் பிபி என்ற எண்ணெய்க் கம்பெனி, உங்கள் சொந்த கார்பன் தடம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள் என்று விளம்பரம் செய்து அந்தச் சொல்லை ஊரெல்லாம் பரப்பியது. கணக்குப் போடுவது நல்லதுதான். ஆனால் எண்ணெய் விற்பவர் நம் கையில் கணக்கு நோட்டைக் கொடுக்கும்போது, அவருடைய நோட்டு எங்கே என்று கேட்கத் தோன்ற வேண்டாமா?

கோணிப்பையிலிருந்து சட்டசபைக்கு

இப்போது எனக்கு மிகவும் பிடித்த மனிதருக்கு வருகிறேன். ரிச்சர்ட் சேம்பர்ஸ், ஓரெகன் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு விற்பனையாளர். தலைவரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. நடப்பதில் பிரியமுள்ளவர். நடக்கும் வழியெல்லாம் கிடக்கும் டின்களையும் பாட்டில்களையும் தன் கையாலேயே பொறுக்கி எடுப்பார். இன்றைய பாஷையில் சொன்னால் அவர் தனக்குத் தானே ஒரு சவால் வைத்துக்கொண்டவர்.

பொறுக்கினார், பொறுக்கினார், அடுத்த வாரம் போனால் அதே இடத்தில் அதே அளவு கிடந்தது. மன உறுதிக்குக் குறைவில்லாத மனிதர்! ஆனாலும் ஒரு மனிதன் குனிந்து பொறுக்கும் வேகத்தைவிட ஆலை செய்யும் வேகம் அதிகம் இல்லையா? 1968ல் அவர் தங்கள் பகுதி சட்டமன்ற உறுப்பினர் பால் ஹேனமனைத் தொடர்புகொண்டார். பக்கத்து நாடான கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் யோசிக்கப்பட்டது போல இங்கேயும் பாட்டிலுக்கும் டின்னுக்கும் முன்பணம் வைத்தால் என்ன என்று கேட்டார்.

1969ல் மசோதா வந்தது, தோற்றது. கம்பெனிகளும் அவர்களுடைய ஆட்களும் சும்மா இருப்பார்களா? சேம்பர்ஸ் விடவில்லை. கடிதம் எழுதினார், தகவல் சேகரித்தார், உறுப்பினர்களிடம் பேசினார். 1971ல் மசோதா மறுபடி வந்து நிறைவேறியது. கவர்னர் டாம் மெக்கால் கையெழுத்திட்டார். 1972 அக்டோபர் 1 முதல் அமல். அமெரிக்காவிலேயே முதல் பாட்டில் முன்பணச் சட்டம். கம்பெனிகள் வழக்குப் போட்டன, 1973ல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. சேம்பர்ஸ் 1974ல் காலமானார். தன் பெயர் வெளியே வருவதை அவர் விரும்பவில்லை என்பதால் வெகு நாள் வரை அவரைப் பலருக்குத் தெரியாது.

பலன்? சட்டத்துக்கு முன்பு ஓரெகனில் சாலையோரக் குப்பையில் சுமார் 40 சதவீதம் பான டின்களும் பாட்டில்களும். 1979ல் அது சுமார் 6 சதவீதம்!

ஐந்து சென்ட்டும் பத்து சென்ட்டும்

கதை இங்கே முடிந்திருந்தால் "சட்டம் போட்டால் எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இதற்குப் பிறகு வருவதுதான் சுவாரஸ்யம்.

ஓரெகனில் முன்பணம் 5 சென்ட். 1972ல் அது கொஞ்சம் பெறுமதியான காசு. விலைவாசி ஏறிக்கொண்டே போக, 5 சென்ட் மட்டும் அங்கேயே நின்றது. நாற்பது வருஷத்துக்கு மேல் மாறவில்லை. 2010களின் நடுவில் திரும்பி வரும் பாட்டில்களின் அளவு 64 சதவீதம் வரை இறங்கிவிட்டது. நல்ல வேளையாக, தொடர்ந்து இரண்டு வருஷம் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் முன்பணம் தானாகவே இரட்டிப்பாகும் என்று ஒரு விதியை அதற்கு முன்பே சேர்த்திருந்தார்கள். அதன்படி 2017 ஏப்ரல் 1 முதல் 10 சென்ட். அடுத்த வருஷமே திரும்பும் அளவு 80 சதவீதத்தைத் தாண்டியது.

ஒரு வருஷத்தில் ஓரெகன் மக்களின் ஒழுக்கம் உயர்ந்துவிட்டதா? அவர்கள் அதே மக்கள்தான். மாறியது வெளியே இருந்த ஏற்பாடு. நல்ல பழக்கத்துக்குக்கூட அவ்வப்போது பராமரிப்பு வேண்டும், கிணற்றைத் தூர் வாருவது மாதிரி.

நீலகிரியில் பத்து ரூபாய்

இதெல்லாம் அமெரிக்கா, நம் ஊருக்கு ஒத்து வருமா என்று கேட்பீர்கள். ஒத்து வந்திருக்கிறது. அதுவும் யாரும் எதிர்பார்க்காத இடத்தில், டாஸ்மாக்கில்!

காலி மது பாட்டில்களைக் காட்டில் வீசிவிட்டுப் போகிறார்கள், உடைந்த கண்ணாடி யானை முதலான விலங்குகளின் காலைக் கிழிக்கிறது என்ற பிரச்சினை சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிமன்றத்தின் வற்புறுத்தலால் 2022 மே மாதம் நீலகிரி மாவட்டத்தில் ஒரு திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு கோவை, பெரம்பலூர் என்று மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாகப் போனது.

மது குடித்த ஒருவர் காட்டோரத்தில் நின்று யானையின் பாதத்தை நினைத்துப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது கஷ்டம். ஆனால் 10 ரூபாயை நினைப்பார். அவர் நினைக்காவிட்டாலும் பின்னால் வருகிற இன்னொருவர் பொறுக்கிக்கொண்டு போய்க் கொடுப்பார். முன்பணத்தின் அழகே அதுதான். எறிபவன் மாறாவிட்டாலும் பாட்டில் திரும்பிவிடுகிறது.

இங்கேயும் தடை இல்லாமல் இல்லை. கடை ஊழியர்கள் எதிர்த்தார்கள். பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டுவது, காலி பாட்டிலை வாங்கி எண்ணுவது, அடுக்கி வைப்பது என்று எல்லாம் அவர்கள் தலையில். இடம் இல்லை, ஆள் இல்லை. அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஒரு நல்ல மாற்றத்தின் செலவு ஏற்கனவே பாரம் சுமப்பவர்மேல் விழுந்தால் அவர் எதிர்க்கத்தான் செய்வார். அதைத் தீர்க்காமல் "ஒத்துழைக்க மறுக்கிறார்கள்" என்று சொல்வது, பாட்டில் வாங்கியவனைப் பார்த்து "உனக்கு மன உறுதி இல்லை" என்று சொல்வது மாதிரிதான்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. தண்ணீர் பாக்கெட் அந்தப் பட்டியலில் இருந்தது, தண்ணீர் பாட்டில் இல்லை. இருந்தும் தெருவில் கூர்ந்து பாருங்கள். காலி தண்ணீர் பாட்டில் அதிக நேரம் கிடப்பதில்லை, குப்பை பொறுக்குபவர்கள் எடுத்துவிடுவார்கள். காயலான் கடையில் அதற்கு விலை உண்டு. சிப்ஸ் பாக்கெட்டும் ஷாம்பு சாஷேவும் அப்படியே கிடக்கும், ஏனென்றால் அவற்றுக்கு விலை கிடையாது. எது திரும்பும், எது கிடக்கும் என்பதை இங்கேயும் தீர்மானிப்பது திரும்பும் வழிதான்.

அப்படியானால் தனிமனித சவால் வீணா?

இந்தக் கேள்விக்கு "ஆமாம், எல்லாம் கம்பெனியும் அரசாங்கமும் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று பதில் சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்குவது சுலபம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. வெர்மான்ட்டில் ஆரம்பித்தவர்கள் மாடு வளர்த்தவர்கள், ஓரெகனில் ஆரம்பித்தவர் குப்பை பொறுக்கிய ஒரு விற்பனையாளர். அவர் குனிந்து பொறுக்கியிருக்காவிட்டால் பிரச்சினையின் அளவே அவருக்குத் தெரிந்திருக்காது. பொறுக்குவதோடு நின்றிருந்தால் நமக்கு அவரைத் தெரிந்திருக்காது.

தனிமனித சவாலின் உண்மையான பயன் அதுதான் என்று நான் நினைக்கிறேன். எங்கே முட்டுகிறது என்று அது காட்டிக் கொடுக்கும். ஒருவர் சவாலில் தோற்றால் அவர் தோற்ற இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் வராத குழாய் ஒரு இடம். பந்தியில் வைக்கும் பாட்டில் ஒரு இடம். சட்டத்தின் பட்டியலில் விட்டுப்போன பொருள் ஒரு இடம். பத்துப் பேர் ஒரே இடத்தில் முட்டி விழுந்தால், கோளாறு பத்துப் பேரின் மனதில் இல்லை, அந்த இடத்தில்தான் இருக்கிறது.

சட்டம் வருவதற்கு சேம்பர்ஸுக்கு மூன்று வருஷமும் ஒரு தோல்வியும் ஆயிற்று. ஒரு குழாயை சரி செய்ய அவ்வளவு ஆகாது. கல்லூரியிலோ பஸ் ஸ்டாண்டிலோ ஒரு குழாயில் நல்ல தண்ணீர் வருகிறதா என்று மாதா மாதம் பார்த்து, வராவிட்டால் மனு எழுதி, பதில் வரும் வரை திரும்பத் திரும்பப் போய்க் கேட்க நான்கு பேர் போதும். முப்பது நாள் பாட்டில் வாங்காமல் இருப்பதைவிட இது அலுப்பான வேலை. ஆனால் அந்தக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டால், உறுதிமொழி எதுவும் எடுக்காத ஆயிரம் பேர் பாட்டில் வாங்காமலே வீட்டுக்குப் போவார்கள்.